பெயரை நம்பாதீர்கள், குழலை அளந்து பாருங்கள்

கெடாவின் தோட்டப்புறங்களில் வளர்ந்த மூத்தவர்களிடம் 'திரி நாட் திரி' என்று சொன்னால் போதும், எந்தத் துப்பாக்கி என்று விளக்க வேண்டியதில்லை. சிடாம் கிரி, பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் என்று எந்தப் பக்கம் போனாலும் அந்தத் துப்பாக்கியைப் பார்த்த ஒரு தலைமுறை இருந்திருக்கிறது. அதன் முறையான பெயர் லீ-என்ஃபீல்டு. .303 என்பது அதன் குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். மில்லிமீட்டரில் சொன்னால் 7.7.

1941 டிசம்பர் 11 முதல் 13 வரை ஜித்ராவில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற 11ஆவது இந்தியப் படைப்பிரிவின் காலாட்படையினர் ஏந்தியிருந்தது இதைத்தான். அந்தத் தோல்விக்குப் பிறகு கேப்டன் மோகன் சிங் அலோர் ஸ்டார் வட்டாரத்தில் ஜப்பானியரோடு பேசத் தொடங்கியதே இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம். பிடிபட்ட பிரிட்டிஷ் ஆயுதங்கள் அந்த இராணுவத்துக்குப் போயின. 1943இல் நேதாஜியின் அழைப்பைக் கேட்டுப் பால்மரக் காட்டிலிருந்து கிளம்பிய நம் இளைஞர்கள் தோளில் சுமந்தவற்றிலும் இந்தத் துப்பாக்கி உண்டு.

1948 ஜூனில் அவசரகாலம் வந்தபோது அதே துப்பாக்கி இரண்டு பக்கமும் நின்றது. தோட்டங்களைக் காக்க அவசர அவசரமாகச் சேர்க்கப்பட்ட சிறப்புக் காவலர்கள் அதை வைத்திருந்தார்கள். காட்டுக்குள் இருந்தவர்களும் வைத்திருந்தார்கள். அவர்களுடையவை 1941-42இல் பின்வாங்கிய படை விட்டுப்போனவை, 1945இல் ஜப்பானியரை எதிர்க்க பிரிட்டிஷார் வானிலிருந்து இறக்கிக் கொடுத்தவை. 1955 டிசம்பரில் பாலிங்கில் பேச்சுவார்த்தை நடந்தபோதும், 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தபோதும் அந்தத் துப்பாக்கி பணியில் இருந்தது.

இன்று அதே துப்பாக்கி உலகச் சந்தையில் இராணுவ உபரிப் பொருள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் முறையான உரிமம் பெற்றவர்கள் அதை வாங்கிச் சுடுதளத்தில் குறிபார்த்துச் சுடுகிறார்கள். அங்கே படிக்கவும் பிழைக்கவும் போன நம் பிள்ளைகள் சிலரும் அந்த மன்றங்களில் சேர்கிறார்கள். 'குறைந்த விலையில், குறி தவறாத பழைய இராணுவத் துப்பாக்கி எது?' என்பது அங்கே அலுக்காமல் கேட்கப்படும் கேள்வி. பதிலாக வருவது பெரும்பாலும் ஒரு பெயர்தான். இவன் சுவிஸ் என்பான், அவன் ஸ்வீடன் என்பான், இன்னொருவன் 'ஜங்கிள் கார்பைனை மட்டும் தொட்டுவிடாதே' என்பான்.

இந்தப் பதில்கள் எல்லாமே கேள்விக்குப் பொருந்தாதவை என்பது என் கருத்து. எண்பது வருடம் பழைய துப்பாக்கியின் துல்லியம் அதன் பெயரில் இல்லை. உங்கள் முன்னால் இருக்கும் அந்த ஒரு குழலில் இருக்கிறது. அதை அளந்துதான் அறிய முடியும். இதற்கு நம் மலாயாக் காட்டோடு ஒட்டிக்கொண்ட ஒரு கதையே நல்ல சான்று.

ஒரு எச்சரிக்கையை முதலில் சொல்லிவிட வேண்டும். இது மலேசியாவில் கடைக்குப் போய் வாங்கும் பொருள் அல்ல. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது. 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் அதற்கு 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. பழைய லயத்தை இடிக்கும்போதோ தோட்டத்தில் மண் வெட்டும்போதோ துருப்பிடித்த துப்பாக்கி கிடைத்தால், கையில் எடுக்காமல் காவல்துறைக்குத் தெரிவிப்பதே சரி.

இனி அந்தக் கதை. போல்ட் துப்பாக்கி என்பது ஒவ்வொரு முறையும் கையால் இயக்குவது. கதவின் தாழ்ப்பாளைத் தூக்கி இழுப்பதுபோல் போல்ட்டை இழுத்தால் பழைய தோட்டாக்கூடு வெளியே விழும். முன்னே தள்ளினால் புதிய தோட்டா உள்ளே போகும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படையில் இதன் முதன்மை வடிவம் நம்பர் 4. எடை சுமார் 4.1 கிலோ, குழல் நீளம் 25.2 அங்குலம். அடர்ந்த காட்டில் இது நீளம், கனமும் கூட. அதனால் 1944இல் நம்பர் 5 வந்தது. குழலின் நீளத்தைக் குறைத்தார்கள். குழலின் அடியிலும் போல்ட் ஓடும் இரும்புக் கூட்டிலும் அங்கங்கே உலோகத்தைச் செதுக்கி எடுத்தார்கள். எடை சுமார் 3.2 கிலோவாக இறங்கியது. குழல் வாயில் தீப்பிழம்பை மறைக்கக் கூம்பு ஒன்றைப் பொருத்தினார்கள். 'ஜங்கிள் கார்பைன்' என்பது இதன் பட்டப்பெயர், அதிகாரப் பெயர் அன்று.

விரைவிலேயே ஒரு புகார் எழுந்தது. இன்று குறிமுள்ளைச் சரிசெய்து வைத்தால் நாளை குண்டு வேறு இடத்தில் விழுகிறது, குறி அலைகிறது என்றார்கள். ஆலையில் திருத்தங்கள் செய்து பார்த்தும் குறையைத் தீர்க்க முடியவில்லை என்று காரணம் சொல்லப்பட்டு 1947இல் தயாரிப்பு நின்றது. அடுத்த வருடமே மலாயாவில் அவசரகாலம். குறை சொல்லி நிறுத்தப்பட்ட அதே துப்பாக்கி நம் காடுகளில் வருடக்கணக்கில் பணியாற்றியது. 'குறி அலையும் துப்பாக்கி' என்ற பழி மட்டும் இன்றுவரை போகவில்லை.

பழிக்கு இயற்பியல் காரணங்கள் இல்லாமல் இல்லை. செதுக்கி மெலிந்த இரும்புக் கூடு சுடும்போது சற்று அதிகமாக வளையலாம். மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறும். சூடேறும் குழல் சற்றே வளைந்தாலும் குறி நகரும். மூன்றாவது காரணம் நமக்கு நன்றாகத் தெரிந்தது. மழைக்காலத்தில் பலகை வீட்டுக் கதவு இறுகிக்கொள்கிறதே, அதே காரணம்தான். மரம் ஈரத்தை உறிஞ்சிக் குறுக்குவாட்டில் உப்பும். துப்பாக்கியின் குழல் படுத்திருப்பது மரக்கட்டையில். மரம் உப்பிக் குழலை ஒரு பக்கமாகத் தள்ளினால் குண்டும் அந்தத் தள்ளலுக்கு ஏற்ப விலகிப் போகும். இங்கிலாந்தின் காய்ந்த கிடங்கிலிருந்து வந்த மரம் மலாயாவின் ஈரக்காற்றில் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் இந்த மரக் குறை நம்பர் 4க்கும் உண்டு, மரக்கட்டை உள்ள எல்லாத் துப்பாக்கிக்கும் உண்டு.

நான்காவது காரணத்தைப் பலரும் பேசுவதில்லை. அது தற்செயல். எந்தத் துப்பாக்கியும் ஒரே துளையில் மீண்டும் மீண்டும் சுடாது. குண்டுகள் ஒரு நடுப்புள்ளியைச் சுற்றிச் சிதறும். 100 மீட்டரில் இந்தச் சிதறலின் திட்ட விலக்கம் மேல்கீழாக 2.5 செ.மீ., பக்கவாட்டில் 2.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் படைவீரரின் துப்பாக்கிக்கு இது குறை சொல்ல முடியாத அளவு. இதில் மூன்று குண்டு சுட்டு அவற்றின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் இன்னும் மூன்று சுடுங்கள். துப்பாக்கியில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், முதல் நாள் நடுப்புள்ளிக்கும் இரண்டாம் நாள் நடுப்புள்ளிக்கும் மேல்கீழாக மட்டும் 2 செ.மீ. வேறுபாடு வருவது சர்வ சாதாரணம். சில நாள் 4 செ.மீ. கூட வரும். பார்ப்பவர் 'குறி அலைகிறது' என்பார். உடனே குறிமுள்ளைத் திருகுவார். மறுநாள் அது வேறு பக்கம் போகும். இப்போது உண்மையாகவே குறி அலைகிறது, அலைய வைத்தது அவர் கைதான்.

ஜங்கிள் கார்பைன் மீதான புகார் முழுக்கக் கற்பனை என்று நான் சொல்லவில்லை. இன்று அதை வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் பலர் அப்படி ஒரு குறையைக் காணவில்லை என்கிறார்கள்; சிலர் கண்டோம் என்கிறார்கள். இரண்டு தரப்பும் உண்மை சொல்லலாம். சில துப்பாக்கிகளில் மரமோ இரும்போ குறையுள்ளதாக இருந்திருக்கும், சிலவற்றில் இருந்திராது. இதைப் பிரித்து அறியப் போதுமான குண்டுகளைச் சுட்டுக் கணக்கெடுக்க வேண்டும். மூன்று குண்டில் யாரையும் குற்றவாளி ஆக்கவும் முடியாது, விடுதலை செய்யவும் முடியாது.

விற்பவர் காட்டும் அட்டைக்கும் இதே கணக்குப் பொருந்தும். பழைய துப்பாக்கி விற்பவர்கள் குண்டு துளைத்த இலக்கு அட்டை ஒன்றை நீட்டி, 'பாருங்கள், மூன்று குண்டும் ஒரே இடத்தில்' என்பார்கள். மேலே சொன்ன அதே துப்பாக்கியில் மூன்று குண்டு சுட்டால், அதிக இடைவெளி உள்ள இரண்டு துளைகளுக்கு நடுவே சராசரி தூரம் சுமார் 6 செ.மீ. ஐந்து குண்டு சுட்டால் 7.7 செ.மீ. பத்து சுட்டால் 9.5 செ.மீ. துப்பாக்கி மாறவில்லை, குண்டின் எண்ணிக்கைதான் மாறியது. மூன்று குண்டு அட்டைகளைப் பத்து முறை சுட்டு, அவற்றில் அழகான ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டினால், சுமாரான துப்பாக்கியும் அர்ஜுனன் வில்லாகிவிடும். அதனால் கேட்க வேண்டியது பத்து குண்டு அட்டை. அதுவும் இரண்டு வெவ்வேறு நாளில் சுட்டது.

துல்லியத்தைச் சொல்ல ஓர் அளவு உண்டு, கோண நிமிடம். 100 மீட்டரில் ஒரு கோண நிமிடம் 2.9 செ.மீ. நல்ல நிலையில் இருக்கும் பழைய இராணுவத் துப்பாக்கி 2 முதல் 3 கோண நிமிடத்துக்குள் சுட்டால் திருப்தி அடையலாம். அதாவது 6 முதல் 9 செ.மீ. வட்டம். ஒரு நிமிடத்துக்குள் சுடும் என்று ஒருவர் விற்றால், எத்தனை குண்டு என்று கேளுங்கள்.

பெயரை நம்பாமல் அளந்து தேர்ந்தெடுப்பது நான் கண்டுபிடித்த வழி அல்ல. பிரிட்டிஷ் இராணுவமே அதைச் செய்தது. போர்க்காலத்தில் அவர்களுடைய குறிபார்த்துச் சுடும் துப்பாக்கி நம்பர் 4 (டி). அதற்குத் தனி ஆலை, தனி இரும்பு எதுவும் கிடையாது. சாதாரண நம்பர் 4 துப்பாக்கிகளை ஆலையில் சுட்டுப் பார்த்து, சிதறல் குறைந்தவற்றை ஒதுக்கினார்கள். பிறகு லண்டனின் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனம் அவற்றுக்குத் தொலைநோக்கி பொருத்தித் தந்தது. இப்படி 20,000க்கும் மேற்பட்டவை உருவாயின. ஒரே ஆலை, ஒரே வரைபடம், ஒரே பெயர். ஆனால் ஒன்று சிறந்தது, ஒன்று சுமார். எது எது என்று அளவுதான் சொன்னது. புதிதாக ஆலையிலிருந்து வந்தபோதே அந்த நிலை என்றால், எண்பது வருடம் பல கைகள் மாறிய பிறகு சொல்லவா வேண்டும்?

சுட்டுப் பார்க்க வாய்ப்பு இல்லாத இடத்தில் எதைப் பார்ப்பது? தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு முதலில் குழலின் உட்புறம். வரிப்பள்ளங்களின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். சொரசொரவென்று அரித்திருந்தால் அது உப்பின் வேலை. பழைய இராணுவத் தோட்டாவின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் படிகிறது. சமையல் உப்புக்கு உறவுக்கார உப்பு அது. ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகாது, உப்பு எண்ணெயில் கரையாது. அதனால்தான் அன்றைய படைவீரர்கள் புனல் வைத்துக் குழலில் கொதிநீர் ஊற்றினார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஓரிரவு தவறினாலும் துரு தொடங்கிவிடும்.

அடுத்து குழலின் வாய். குண்டு கடைசியாக விடைபெறும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் பின்னால் வரும் வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும். லீ-என்ஃபீல்டைச் சுத்தம் செய்யக் கயிற்றில் துணி கட்டிக் குழலுக்குள் இழுப்பார்கள். வருடக்கணக்கில் கயிறு ஒரே பக்கம் உரசினால் இரும்பும் தேயும். கிணற்றுக் கயிறு கல்லைத் தேய்ப்பதில்லையா, அதுபோல. வெளியே பளபளவென்று இருக்கும் துப்பாக்கியில் இந்தத் தேய்மானம் ஒளிந்திருக்கும். பார்வைக்கு அடிபட்ட துப்பாக்கியில் குழல் புதிதாக இருக்கலாம். விலையை ஏற்றுவது மரத்தின் மெருகு, குறியைத் தீர்மானிப்பது குழலின் வாய்.

மூன்றாவது, குழலின் உண்மையான அளவு. .303 என்பது மேட்டிலிருந்து மேட்டுக்கு எடுத்த விட்டம். பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு 7.9 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், போர்க்காலக் குழல்களில் இது ஒன்றுக்கொன்று மாறும். மென்மையான ஈயக்குண்டு ஒன்றைக் குழலுக்குள் தள்ளி வெளியே எடுத்து, நுண்ணளவியால் அளந்தால் தெரிந்துவிடும். குழலுக்குச் சிறிய குண்டைப் போட்டுச் சுட்டுவிட்டு, துப்பாக்கி சரியில்லை என்று பழிப்பவர்கள் அதிகம். காலுக்குப் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு பாதையைக் குறை சொல்வது போன்றது அது.

நான்காவது, பாதுகாப்பு. போல்ட்டின் எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். நம்பர் 4இன் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை நான்கு அளவில் வந்தன. மாற்றிப் பொருத்தியிருந்தால் தோட்டா உட்காரும் இடைவெளி கூடிவிடும், கூடு உடைந்து வாயு முகத்துக்கு வரலாம். தகுதியுள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் அளவி வைத்துச் சோதிக்காமல் சுடவே கூடாது. இந்தியாவின் இசாப்பூர் ஆலை 1962 சீனப் போருக்குப் பிறகு இதே வடிவத்தில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென 2ஏ1 என்ற துப்பாக்கியை வலுவான எஃகில் செய்தது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் ஐரோப்பியத் தர அளவுப்படி .303க்கு உச்ச அழுத்தம் 365 மெகாபாஸ்கல்; 7.62க்கு இணையான விளையாட்டுத் தோட்டாவுக்கு 415. யாரோ ஒருவர் பழைய .303ஐத் துளைத்து மாற்றி வைத்திருந்தால், அந்த மலிவு விலை உங்கள் கண்ணுக்கு வைத்த விலை.

கடைசியாக, தோட்டா. துப்பாக்கி ஒரு முறைச் செலவு, தோட்டா வாழ்நாள் செலவு. சுவிஸ் கே-31 துல்லியத்துக்குப் புகழ்பெற்றது, புகழ் நியாயமானதும் கூட. ஆனால் அதன் 7.5 மில்லிமீட்டர் தோட்டா எல்லா ஊரிலும் கிடைக்காது. ரஷ்யாவின் மோசின்-நாகாண்டு 3 கோடிக்கும் மேல் செய்யப்பட்டது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் 100 டாலருக்கும் குறைவாக விற்றது. அவற்றில் அருமையானவையும் உண்டு, படுமோசமானவையும் உண்டு. மலிவாக வாங்கி, தோட்டா கிடைக்காமல் சுவரில் மாட்டி வைப்பதும், பழைய தோட்டா கிடைக்கிறதே என்று வயது தெரியாத பெட்டியை உடைப்பதும் இரண்டுமே நட்டம். பழைய .303 தோட்டாவுக்குள் இருப்பது கார்டைட் என்னும் இழை வடிவ வெடிமருந்து. இந்திய இராணுவத்துக்கு அதைச் செய்யத்தான் நீலகிரி அருவங்காட்டில் 1903இல் ஆலை நிறுவினார்கள். வெப்பமான கிடங்கில் பல பத்தாண்டு கிடந்த வெடிமருந்து தோட்டாவுக்குத் தோட்டா வேறுபடும். வேகம் வேறுபட்டால் குண்டு விழும் இடமும் வேறுபடும். மோசமான தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை அளப்பது, கல் இல்லாத தராசில் எடை போடுவதுதான்.

அப்படியானால் பெயருக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயர் என்பது ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளின் சராசரி. தேடலை எங்கே தொடங்குவது என்று அது சொல்லும். பழைய காமன்வெல்த் நாடுகளில் தேடுபவருக்கு நம்பர் 4 நல்ல தொடக்கம் என்றே நானும் சொல்வேன். உதிரிப்பாகம் கிடைக்கும், தோட்டா இன்னும் புதிதாகத் தயாராகிறது, பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சராசரியை யாரும் கடையில் வாங்கிவர முடியாது. வாங்குவது ஒரே ஒரு துப்பாக்கியைத்தான். புகழ்பெற்ற பெயரில் தேய்ந்த குழலை அதிக விலைக்கு வாங்குவதைவிட, சாதாரணப் பெயரில் நல்ல குழலைக் குறைந்த விலைக்கு வாங்குவது புத்திசாலித்தனம்.

பெயர் பணம் பண்ணும் இடத்தில் போலியும் முளைக்கும். துல்லியத்துக்காகத் தேடுபவர் ஜங்கிள் கார்பைனைத் தேட வேண்டியதில்லை. இன்று அதன் விலை சேகரிப்பாளர் விலை. அந்த விலைக்கு ஆசைப்பட்டு நம்பர் 4இன் குழலை வெட்டிக் கூம்பு பொருத்தி விற்பவர்களும் உண்டு. அசலில் இரும்புக் கூட்டிலும் குழலின் அடியிலும் உலோகம் செதுக்கப்பட்டிருக்கும், போலியில் பெரும்பாலும் இராது. குறை என்று பழிக்கப்பட்ட அந்தச் செதுக்கல்தான் இன்று அசலுக்கு அடையாளம்.

அவசரகாலத்தில் தோட்டத்து வேலிக்கருகே காவல் நின்றவருக்கு இந்தத் தேர்வெல்லாம் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பயிற்சியோடு இருட்டில் நின்றார். தன் துப்பாக்கி எங்கே சுடும் என்று அவருக்குத் தெரியுமா என்பது அவர் உயிரையும் வேலிக்கு இந்தப் பக்கம் லயத்தில் தூங்கியவர்கள் உயிரையும் தொட்ட கேள்வி. அதற்குப் பதில் துப்பாக்கியின் பெயரில் இருக்கவில்லை. அவருக்குச் சுட்டுப் பழக எத்தனை தோட்டா கொடுத்தார்கள் என்பதில் இருந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தைச் சொல்லித் தரத் துப்பாக்கி தேவையில்லை. தமிழ்ப்பள்ளியில் ஒரு டார்ட் பலகையும் வரைதாளும் போதும். ஒரே மாணவரை மூன்று முறை எறியச் சொல்லி நடுப்புள்ளியைக் குறியுங்கள். மறுநாள் மீண்டும் மூன்று. பிறகு பத்து, மீண்டும் பத்து. மூன்றில் நடுப்புள்ளி எவ்வளவு அலைகிறது, பத்தில் எவ்வளவு அடங்குகிறது என்று பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும். மூன்று எறிதலை வைத்து ஒருவரைக் கெட்டிக்காரர் என்றோ மக்கு என்றோ முத்திரை குத்தக் கூடாது என்பதும் அந்த வகுப்பிலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும்.